காற்று வரும் வழி

திருத்துறைப்பூண்டியிலிருந்து வரும் சாலையில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருப்பார்கள். உங்கள் டிரைவர் எரிச்சல்பட்டிருப்பார். எங்கள் பக்கத்தில் இந்த மாதத்தில் சாலை என்பது பாதி களம்தான். ஈரம் கூடியிருக்கிறது என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில், வெயில் கண்ட இடத்தில் எல்லாம் நெல்லைக் கொட்டிவிடுகிறோம். உட்காருங்கள் மேடம். மின்விசிறிக்குக் கீழே இருக்கும் நாற்காலி நல்லது.

காபி, இங்கே என்னோடு இருக்கும் அம்சம் போட்டு வைத்தது. அவர் மீன் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார். வருவதற்குள் நாம் பேசி முடித்துவிடலாம்.

என் கணவர் பரணிதரன் உங்கள் விசாரணையில் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். கப்பலில் ஏறிய கடற்கொள்ளையர்கள் அடித்த அடி தாங்காமல், உள்ளே ஒளிந்திருந்தவர்களுக்குக் காற்று போகும் வழியைத் தானே காட்டிக்கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். அது பொய். அவர் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. காட்டிக்கொடுத்தது நான். இந்தக் கூடத்தில், அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னேன்.

எழுதுங்கள், பரவாயில்லை. திருமணத்துக்கு முன்பு பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள் நான். எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சரியாக வரும்.

எங்களுக்குத் திருமணமான அடுத்த ஆண்டு பரணி என்னைக் கப்பலுக்கு அழைத்துப்போனார். அதிகாரிகள் மனைவியை உடன் அழைத்துச் செல்ல அந்த நிறுவனத்தில் அனுமதி உண்டு. சம்பா அறுவடை முடிந்து, என் மாமனார் பஞ்சநதம் நிம்மதியாக இருந்த நேரம். போய் வாம்மா என்று அவரே பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தார். அதே கப்பல்தான் மேடம். உரமும் நிலக்கரியும் ஏற்றும் பழைய கப்பல். அதில் நான் இருந்த சில மாதங்களைப் போல ஒரு காலம் எனக்கு மறுபடி வாய்க்கவில்லை. சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் முன்னால் என் தட்டில் இருந்து மிளகாயைப் பொறுக்கித் தன் தட்டில் போட்டுக்கொள்வார். மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவர் கவலைப்பட்டதில்லை.

அந்தக் கப்பலில் அடிக்கடி ஒத்திகை நடக்கும். மணி அடித்தால் எல்லோரும் ஓடிப்போய், எஞ்சினுக்கும் பின்னால் சுக்கான் இயந்திரம் இருக்கும் அறைக்குள் புகுந்து இரும்புக் கதவை உள்ளிருந்து பூட்டிக்கொள்ள வேண்டும். அதைச் சிட்டடல் என்பார்கள். பதுங்கும் அறை. உள்ளே தண்ணீர், பிஸ்கட், சேட்டிலைட் போன் எல்லாம் வைத்திருப்பார்கள். கொள்ளையர் ஏறிவிட்டால் எஞ்சினை நிறுத்திவிட்டு அங்கே போய் அடைந்துகொள்வது வழக்கம். அப்புறம் அந்தக் கப்பல் கொள்ளையருக்கு வெறும் இரும்பு. எங்கேயும் ஓட்டிப்போக முடியாது. கடற்படை வந்து சேரும்வரை உள்ளே பொறுத்திருந்தால் போதும்.

அந்த ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை உண்டு. எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். ஒரே ஒருவர் வெளியே அகப்பட்டிருந்தாலும் கடற்படை ஏறத் தயங்கும். ஏறினால் முதல் குண்டு அந்த ஒருவருக்குத்தான். உங்களுக்குத் தெரியாததில்லை. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது பரணி.

முதல் ஒத்திகையிலேயே அந்த அறையில் எனக்கு மூச்சு முட்டியது. அவர் என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, "மேல பாரு கலை, காத்து வருது பாரு" என்றார். ஏணிக்கு மேலே, கூரையில் ஒரு குழாய். அதன் வாயில் சக்கரம் வைத்த இரும்பு மூடி. சக்கரத்தைத் திருப்பினால் எண்ணெய் போடாத கிணற்று ராட்டினம் போல ஒரு சத்தம் வரும், மூடி திறக்கும். அன்று மாலை அந்தக் குழாய் மேலே எந்த இடத்தில் முளைக்கிறது என்று கூட்டிப்போய்க் காட்டினார். பின் தளத்தில், கயிறு சுற்றும் இயந்திரத்துக்குப் பின்னால், வெள்ளைச் சாயம் பூசிய காளான் போல நின்றது. யாரும் வராத மூலை. அதற்குப் பிறகு மாலை நேரங்களில் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். என் பாதங்களை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வார். பிறக்கப்போகும் குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்றெல்லாம் அங்கேதான் பேசினோம். குழந்தை பிறக்கவில்லை, அது வேறு கதை. எனக்கு அந்த இடம் தெரிந்தது இப்படித்தான். எந்த வரைபடத்தையும் நான் பார்த்ததில்லை.

இனி அம்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்சமும் அவர் கணவர் இராஜாங்கமும் எங்கள் வயலில் வேலை செய்தவர்கள். இராஜாங்கம் எலி பிடிப்பதில் கெட்டிக்காரர். கதிர் முற்றும் நேரத்தில் வரப்பெல்லாம் எலி வளையாக இருக்கும். அவர் அடியில் ஓட்டை போட்ட மண்பானையில் வைக்கோலைத் திணித்து நெருப்பு வைத்து, வளையின் வாயில் பானையைக் கவிழ்த்து ஊதுவார். மற்ற வளைகளை மண்ணால் அடைத்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டுவைப்பார். புகை தாங்காமல் எலிகள் அந்த வழியாக வெளியே வந்து விழும். புதுப்பெண்ணாக வந்த புதிதில் வரப்பில் நின்று நான் அதைப் பார்த்திருக்கிறேன். பாவமாக இருந்தது. ஆனால் எலிகள் உயிரோடுதான் வெளியே வந்தன. அது என் மனதில் தங்கிவிட்டது.

இராஜாங்கம் இறந்து வருஷங்கள் ஆகின்றன. ஒரே மகன் பொன்னிவளவன். நன்றாகப் படித்தான். கப்பல் எஞ்சினியருக்குப் படிக்கப்போகிறேன் என்று அவன் வந்து நின்றபோது, கல்லூரியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும், பிறகு தன் நிறுவனத்திலேயே சொல்லிச் சேர்த்துவிட்டதும் பரணிதான். வளவன் சம்பளம் அனுப்ப ஆரம்பித்ததும் அம்சம் நடவுக்கு வருவதை நிறுத்திவிட்டார். மாடி வீடு கட்டினார்கள். எங்கள் வீட்டைவிட ஒரு தளம் உயரம். "டைல்ஸெல்லாம் நம்மளோடதவிட பளபளன்னு இருக்கே" என்று மாமனார் ஒருமுறை சொன்னார். நான் சிரித்துக்கொண்டேன். எனக்கு அதில் ஒன்றும் இல்லை. தை மாதம் வளவனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். பெண்ணும் நர்சிங் படித்தவள், மலர்க்கொடி என்று பெயர்.

கப்பலைப் பிடித்த அந்த வருஷம் கடலில் நடந்ததை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். செங்கடலில் போகும் கப்பல்கள்மேல் ஏவுகணை விட ஆரம்பித்தார்கள். பெரிய நாடுகளின் போர்க்கப்பல்கள் அந்தக் குறுகலான வாயிலைக் காக்கப் போய்விட்டன. சரக்குக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வர ஆரம்பித்தன. சோமாலியாக் கரையில் பல வருஷமாகச் சும்மா இருந்தவர்கள், காவல் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு மறுபடியும் படகை இறக்கினார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. முறைத்தண்ணீர் விடும் நாளில் மேல் மதகில் எல்லோரும் காவல் நின்றால், கீழ் மதகில் யாரோ பலகையைத் தூக்கிவிடுவார்கள்.

அந்த சம்பாவில் இங்கே டிஏபி உரம் கிடைக்கவில்லை. உரக்கடை மருதையன், "கப்பல் வரணும்ங்க, எங்கிட்ட கேட்டா நான் என்ன கடல்லயா இறங்குறது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன மாதிரி ஒரு கப்பலில்தான் என் கணவரும், எஞ்சினியராக வளவனும் வந்துகொண்டிருந்தார்கள். மொராக்கோவில் உரம் ஏற்றி, ஆப்பிரிக்காவைச் சுற்றி, மொம்பாசாவில் பாதியை இறக்கிவிட்டு, மீதியோடு காரைக்காலுக்கு. அந்தப் பயணத்தில் துப்பாக்கிக் காவலர்களை ஏற்றவில்லை. நிறுவனம் செலவு பார்த்திருக்கும். நான் குறை சொல்லவில்லை. உலகத்தில் ஒவ்வொருவரும் தன்னுடையதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்க்கிறார்கள். நாடுகளும் அப்படித்தான். நானும் அதைத்தான் செய்தேன்.

சம்பவம் நடந்த அன்று விடியற்காலையில் கப்பலில் மணி அடித்திருக்கிறார்கள். எல்லோரும் கீழே ஓடினார்கள். ஆள் எண்ணிப் பார்த்தபோது சமையல்காரர் இல்லை. பரணி முதன்மை அதிகாரி. தேடிக்கொண்டு மேலே ஓடினார். சமையல்காரர் வேறு படி வழியாக இறங்கி வந்து சேர்ந்துவிட்டார். அதற்குள் கொள்ளையர் தளத்தில் ஏறிவிட்டார்கள். கேப்டன் கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தியது வளவன்.

நிறுவனத்திலிருந்து ஒருவர் போன் செய்து இதையெல்லாம் சொன்னார். என்னைத் தேற்றுவதாக நினைத்து, "கதவைச் சாத்துனது உங்க ஊருப் பையன்தாம்மா, கொஞ்சமும் தயங்கல, அதனாலதான் மத்தவங்க எல்லாரும் பத்திரமா இருக்காங்க" என்றார். விதி அதுதான். கதவருகே யார் நின்றாலும் சாத்தியிருக்க வேண்டும். அவன் நின்றான். இதை நான் ஒரு குறையாக மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மாமனாரும் என் கொழுந்தன் ராஜ்குமாரும் சென்னைக்குப் புறப்பட்டுப் போனார்கள், யாராவது பெரிய அதிகாரியைப் பார்க்க. உங்கள் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு பெண் பேசினார். கொள்ளையர் குடும்பத்தாரைக் கூப்பிட்டு மிரட்டுவார்கள், எடுக்காதீர்கள், எடுத்தாலும் ஒன்றும் பேசாமல் வைத்துவிடுங்கள் என்றார். நன்றாகத்தான் சொன்னார். அவர் கணவர் அன்று அலுவலகம் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் தனியாக இருந்த வீட்டுக்கு அம்சம் வந்தார். வாசலிலேயே நின்றார். நான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

"என் புள்ள உள்ள பத்தரமா இருக்கான் கலைம்மா. உங்க வீட்டுக்காரரு வெளிய நிக்கிறாரு. எனக்கு என் வீட்ல சோறு எறங்கல" என்றார்.

நாற்காலியில் உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை. நேராக அடுப்படிக்குப் போய் ரசம் வைத்து, சோற்றைக் கரைத்துக் குழந்தைக்குப் போல என்னைக் குடிக்கவைத்தார். எத்தனையோ வருஷம் எங்கள் வயலில் வேலை செய்தவர், எங்கள் அடுப்படிக்குள் அவர் வந்தது அன்றுதான் முதல் தடவை. அதை அப்போது நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. இருவரும் பூஜை அறை வாசலில் உட்கார்ந்துகொண்டோம். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

முற்பகலில், கப்பலின் வைஃபை வழியாக, பரணியின் போனிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. எழுந்து அந்த ஜன்னல் பக்கம் போய் எடுத்தேன். எப்படி எடுக்காமல் இருப்பது? திரையில் அவர் பெயரும், நாங்கள் இருவரும் கங்கைகொண்டசோழபுரத்தில் எடுத்துக்கொண்ட படமும் வருகின்றன.

பேசியது வேறு ஆள். இந்தியில் பேசினான். முன்பு பிடிபட்டு மும்பைச் சிறையில் வருஷக்கணக்கில் இருந்தானாம், அங்கே கற்றுக்கொண்டானாம். கல்லூரியில் படிக்கும்போதே நான் இந்தித் தேர்வுகள் எழுதியவள். அவனுடைய இந்தி என்னுடையதைவிட நன்றாக இருந்தது. என்னைச் சகோதரி என்று கூப்பிட்டான். குரலை உயர்த்தவே இல்லை. போனைத் திருப்பிக் காட்டினான். பரணியை ஒரு கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இடது கையைத் துணியால் சுற்றியிருந்தார்கள். துணி முழுக்க நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் வேண்டாம் என்பது போல ஆட்டினார்.

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. உங்களுக்கு அது தப்பாகத் தோன்றலாம். எங்களுக்கு யாரையும் கொல்லத் தேவையில்லை, செத்தவர்களுக்கு முதலாளி காசு கொடுக்க மாட்டார் என்றான். உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறந்து எஞ்சினை ஓட்டினால் கப்பலைக் கரைக்குக் கொண்டுபோவோம், சில மாதத்தில் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்றான். ஆனால் உங்கள் நாட்டுப் போர்க்கப்பல் வந்து தூரத்தில் நிற்கிறது. அது நெருங்கி வருவதற்குள் அவர்கள் திறக்காவிட்டால், இவரை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது, நீயே சொல் சகோதரி என்றான்.

நான் யோசித்தேன். கதவு திறந்தால் எல்லோரும் பிணைக்கைதிகள், எல்லோரும் உயிரோடு. திறக்காவிட்டால் மற்றவர்கள் எல்லோரும் உயிரோடு, என் கணவர் மட்டும் இல்லை. கணக்குப் போட்டால் முதல் வழியில்தான் யாரும் சாகவில்லை. இதை நான் இப்போது யோசித்துச் சொல்லவில்லை. அப்போதே, போனைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தேன். என் மூளை அன்று அவ்வளவு தெளிவாக வேலை செய்தது எனக்கே ஆச்சரியம்.

காற்று எங்கிருந்து போகிறது என்று அவன் என்னைக் கேட்கவில்லை மேடம். எனக்குத் தெரியும் என்பதே அவனுக்குத் தெரியாது. நானாகச் சொன்னேன். கயிறு சுற்றும் இயந்திரத்துக்குப் பின்னால், வெள்ளையாக, காளான் மாதிரி. அதில் புகை போட்டால் வெளியே வந்துவிடுவார்கள் என்றும் நான்தான் சொன்னேன். கதவுப் பக்கம் வழியை விட்டுவைத்து, இந்தப் பக்கம் மட்டும் புகை போட வேண்டும் என்று விளக்கினேன். அவன் நன்றி சொன்னான்.

"என்னவாம் கலைம்மா, என்ன கேக்குறான்?" என்றார் அம்சம். அவருக்கு இந்தி தெரியாது.

"காத்தோட்டம் இருக்கான்னு பேசிக்கிட்டிருந்தோம்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

"உள்ள இருக்குற புள்ளைங்களுக்கு வேர்க்கும்ல. நல்லவேளை கேட்டீங்க" என்றார்.

மதியம் தாண்டி மறுபடி அழைப்பு வந்தது. இந்த முறை அவன் குரல் மாறியிருந்தது. பழைய கயிறு, எண்ணெய்த் துணி எல்லாம் எரித்துப் பார்த்துவிட்டார்கள். புகை உள்ளே போகவில்லை. குழாய்க்குள் கையை விட்டால் இரும்பு தட்டுகிறது என்றான். எனக்குப் புரிந்தது. உள்ளே இருந்து மூடியை மூடிவிட்டார்கள். மூடினால் உள்ளே இருக்கும் காற்று சில மணி நேரத்துக்குப் போதும். போர்க்கப்பல் நெருங்கிக்கொண்டிருக்கிறது என்றான். துப்பாக்கியின் முனையைப் பரணியின் காதுக்குப் பின்னால் வைத்துக் காட்டினான். பரணி கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை.

மேடம், உங்களுக்குத் திருமணம் ஆகிவிட்டதா? கேட்கக் கூடாதென்றால் விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் எனக்கு அழுகை வரவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அந்த மூடி திறக்க வேண்டும். உள்ளே இருக்கும் யாராவது ஒருவர் ஏணியில் ஏறி, கையால் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். எதற்காக ஒருவன் அப்படித் திருப்புவான் என்று யோசித்தேன். எனக்குப் பக்கத்தில் அம்சம் உட்கார்ந்து, என் முழங்கையைப் பிடித்தபடி, வாய்க்குள் ஏதோ வேண்டிக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் இருங்கள், போனை அந்தக் குழாயின் வாயில் வையுங்கள், ஒலியைக் கூட்டுங்கள், நெருப்பைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்று அவனிடம் சொன்னேன். பிறகு அம்சத்தின் பக்கம் திரும்பினேன்.

"அக்கா, வளவன்கிட்ட ரெண்டு வார்த்தை பேச விடுறாங்களாம். பேசுறீங்களா?"

அதற்கு முன்பு நான் அவரை அக்கா என்று கூப்பிட்டதில்லை. அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். போனை வாங்குவதற்கு முன்னால் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"வளவா... வளவா, அம்மாடா. கேக்குதா சாமி?"

ஒன்றும் கேட்கவில்லை. நான் அவர் காதருகில் குனிந்து, என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன்.

"காத்து வர்ற எடத்துல என்னமோ மூடி இருக்காம்ல. அதைத் தொறந்தா நல்லாக் கேக்குமாம்டா. கலைம்மா சொல்றாங்க. தொறந்துட்டுப் பேசு. நான் அவங்க வீட்லதான் இருக்கேன். சாப்ட்டியா? மலருகூட காலையிலேருந்து அழுவுது. ஒரு வார்த்த பேசுடா."

இரும்புக்கு அடியிலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல் வந்தது. "அம்மா. கேக்கல. இரு, வர்றேன்." அதன்பிறகு சக்கரம் திரும்பும் சத்தம். எனக்குத் தெரிந்த சத்தம். அந்தச் சத்தம் கேட்டதும் நான் அம்சத்திடமிருந்து போனை வாங்கி அழைப்பைத் துண்டித்துவிட்டேன்.

"கட்டாயிடுச்சுக்கா" என்றேன்.

"வர்றேன்னு சொன்னான் கலைம்மா" என்றார். அன்று முழுக்கத் தரையிலேயே இருந்தவர், அப்போதுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

பிறகு நடந்தது உங்கள் கோப்பிலேயே இருக்கும். புகை முழுவதும் ஏணியில் நின்ற வளவனின் முகத்தில் அடித்தது. மூச்சு திணறி மேலிருந்து விழுந்தான். அடுத்திருந்தவர் ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு ஏறி மூடியை மறுபடியும் மூடிவிட்டார். கதவை யாரும் திறக்கவில்லை. அவர்கள் எலிகள் இல்லை என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். திறந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் திறக்கவில்லை. இது ஒன்றுதான் நான் செய்த தவறு.

எல்லாக் கொள்ளையர்களின் கவனமும் புகை போடுவதில் இருந்தபோது, பரணி கட்டை அவிழ்த்துக்கொண்டு கடலில் குதித்துவிட்டார். வெளியே ஒருவரும் இல்லை என்று ஆனதும் கடற்படை ஏறியது. சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பரணியை நீரிலிருந்து தூக்கினார்கள். ஒருவன் மட்டும்தான் போனான். வளவன் மூடியைத் திறந்ததற்குக் காரணம், அவன் அறையில் இருந்த போனிலிருந்து அவன் அம்மாவின் பழைய வாய்ஸ் மெசேஜ் எதையோ கொள்ளையர் ஓட்டியிருப்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்களாம். அது பழைய மெசேஜ் இல்லை.

பரணி ஊருக்கு வரவில்லை. தஞ்சாவூரில் அவர் தங்கை வானதி வீட்டில் இருக்கிறார். நான் போய்ப் பார்த்தேன். அவருக்குப் பிடித்த கோதுமை அல்வா வாங்கிக்கொண்டு போனேன். வானதி எங்களை மாடியில் விட்டுவிட்டுக் கீழே போய்விட்டாள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் பேசினார்.

"அந்தக் குழாய்க்குப் பக்கத்துலதான் என்னைக் கட்டியிருந்தாங்க. அம்சக்கா பேசுனது எனக்கும் கேட்டுச்சு. நீ பின்னாலேருந்து சொல்லிக்கொடுத்ததும் கேட்டுச்சு."

"நீங்க உயிரோட வரணும். எனக்கு வேற எதுவும் தெரியல."

"கட்டைக் காலையிலயே தளர்த்திட்டேன் கலை. குதிக்கிறதுக்கு நேரம் பாத்துக்கிட்டிருந்தேன். கொஞ்சம் பொறுத்திருந்தா போதும்."

எனக்கு அது எப்படித் தெரியும்? அதை அவரிடம் கேட்டேன். அவர், காட்டிக்கொடுத்தது தான்தான் என்று எழுதிக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். என்னைக் காப்பாற்றத்தான் என்று நினைத்து நான் அழுதுவிட்டேன். அன்றுதான் முதன்முதலில் அழுதேன்.

"உனக்காக இல்ல" என்றார். "தன் பேச்சைக் கேட்டு மூடியைத் தொறந்ததாலதான் புள்ள செத்தான்னு அந்தம்மாவுக்குத் தெரிய வேணாம்."

அதனால்தான் உங்களை நான் வரச் சொன்னேன். அவருக்கு இனி கப்பலில் ஏறும் சான்றிதழ் இருக்காது என்கிறார்கள். வழக்கும் வரும் என்கிறார்கள். ஊரில் அவரைப் பற்றி இப்போதே ஒரு மாதிரி பேசுகிறார்கள். அடி தாங்கிக்கொண்டு வாயைத் திறக்காத மனிதருக்கு இந்தப் பெயர் ஏன்? நான் சொன்னதை அப்படியே எழுதுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவர் பெயர் சுத்தமாகிவிட்டால் வீட்டுக்கு வந்துவிடுவார். கோபம் தணிய நாளாகும், எனக்குத் தெரியும். அவர் அறையைத் துடைத்து, படுக்கை விரிப்பை மாற்றி வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான் சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று நீங்கள் சொல்வது புரிகிறது. போனாலும் அவர் பார்க்க வருவார். என்னைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது.

மறுபடியும் கேட்கிறீர்கள், அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆமாம், அந்த மூடியைத் திறப்பது வளவனாகத்தான் இருப்பான் என்று எனக்குத் தெரியும். திறந்தவுடன் புகை அவன்மேல்தான் முதலில் விழும் என்றும் தெரியும். தெரிந்துதான் போனைக் கொடுத்தேன். அந்தக் கதவைச் சாத்தியவன் அவன்தானே என்ற நினைவு அப்போது வந்ததா என்று கேட்டால், வந்தது. வந்தது என்பதற்காக அதுதான் காரணம் என்று ஆகிவிடாது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. அம்சம் வந்துவிட்டார். உங்களுக்கும் சேர்த்துத்தான் மீன் வாங்கியிருப்பார். சாப்பிடாமல் போகவிட மாட்டார். மகன் போனபிறகு அந்தப் பெரிய வீட்டில் தனியாகப் படுக்கப் பயமாக இருக்கிறது என்று இங்கேதான் இருக்கிறார். எனக்கும் துணை வேண்டியிருக்கிறது. அவரிடம் மட்டும் இதையெல்லாம் சொல்லாதீர்கள் மேடம். கடைசி நேரத்தில் பிள்ளையின் குரலைக் கேட்கவைத்த புண்ணியவதி என்று ஊர் முழுக்க என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது ஒன்றும் பொய்யில்லையே.